ஏலம் போன வீட்டை திருப்ப முடியுமா? மினசோட்டால முடியும், ஆனா நாள் எண்ணத் தெரியணும்

இங்க ஒரு தம்பி கேள்வி போட்டிருந்தார், சுருக்கமா இதுதான்: அவரோட அண்ணன் மினசோட்டால ஒரு சின்ன கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 14 ஏக்கரோட வீடு வாங்கியிருந்தார், வேலை போச்சு, லோன் கட்ட முடியல, அக்டோபர் 16 அன்னிக்கு ஷெரிஃப் சேல், அதாவது கவுண்டி ஷெரிஃப் நடத்தற ஏலம், முடிஞ்சு பேங்க்கே ஏலத்துல எடுத்துடுச்சு. இப்ப ஜனவரி. ஆறு மாசம் டைம் இருக்குன்னு ஒருத்தர் சொல்றார், எல்லாம் முடிஞ்சுது கிளம்புன்னு இன்னொருத்தர் சொல்றார், அண்ணி பசங்களை கூட்டிட்டு மினியாபொலிஸ் பக்கம் அபார்ட்மென்ட் பார்த்துட்டாங்க. என்ன பண்ணலாம்?

நான் வக்கீல் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். இதே மாநிலத்துல ஒரு டைட்டில் ஆபீஸ்ல 11 வருஷம் உட்கார்ந்திருக்கேன், அதாவது வீடு கை மாறும்போது பத்திரத்துல யாருக்கு என்ன பாத்தியதைன்னு தேடிப் பார்க்கிற வேலை, அதனால இந்த ஷெரிஃப் சேல் பேப்பர்ஸ் நிறைய கண்ணுல பட்டிருக்கு. மினசோட்டா பத்தி மட்டும்தான் சொல்றேன், டெக்சாஸ்ல இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு நமக்கும் ஆறு மாசம்னு நினைச்சுடாதீங்க, அங்க சாதாரண வீட்டு லோன்ல ஏலம் முடிஞ்சா வீடு போனதுதான்.

நம்ம ஊர்ல நகையை அடகு வெச்சு வட்டி கட்டலைன்னா மூழ்கிடுச்சுன்னு சொல்வோம்ல, ஏலம் போயிட்டா அப்புறம் திருப்ப முடியாது. இங்க வீட்டு விஷயத்துல தலைகீழ். ஏலம் போன பிறகுதான் திருப்பற கடிகாரமே ஓட ஆரம்பிக்குது. ரிடெம்ப்ஷன் பீரியட்னு பேர். அது முடியற வரைக்கும் வீடு உங்க அண்ணன் பேர்லதான் இருக்கு, அவர் அதுல குடியிருக்கலாம், பேங்க்குக்கு வாடகை கட்ட வேணாம், யாரும் வந்து சாமானை தூக்கி வெளிய போட முடியாது. ஏலத்துல எடுத்தவங்களுக்கு கிடைச்சது ஷெரிஃப் சர்டிபிகேட்னு ஒரு பேப்பர், அவ்வளவுதான், இந்த பீரியட் முடியற வரைக்கும் அது முழு சொத்துரிமையா ஆகாது. அதனால கிளம்புன்னு சொன்னவர் தப்பு. ஆறு மாசம்னு சொன்னவரும் முழுசா சரியான்னு பார்க்கணும், ஏன்னா நீங்க போற போக்குல ஒரு விஷயம் சொல்லியிருக்கீங்க, எனக்கு அங்கதான் கண்ணு நின்னுது. "14 ஏக்கர், அதுல பாதிக்கு மேல பக்கத்து விவசாயி சோயா போடறார், நாங்க வாங்கறதுக்கு முன்னாடி இருந்தே அப்படித்தான்"னு எழுதியிருக்கீங்க.

மினசோட்டால வீட்டு லோனுக்கு சாதாரணமா 6 மாசம். ஆனா சில சொத்துக்கு 12 மாசம். எப்பன்னா, ஏல நோட்டீஸ் தேதில பாக்கி இருக்கிற கடன் முதல்ல வாங்கின கடன்ல மூணுல ரெண்டு பங்குக்கும் குறைவா இருந்தா (அதாவது நிறைய கட்டி முடிச்சவங்களுக்கு). நிலம் 40 ஏக்கருக்கு மேல இருந்தா. இல்ல 10 ஏக்கருக்கு மேல 40க்குள்ள இருந்து, மார்ட்கேஜ் (வீட்டை அடமானம் வெக்கற பத்திரம்) கையெழுத்து போட்ட அன்னிக்கு அது விவசாய உபயோகத்துல இருந்தா. கவனிங்க, இன்னிக்கு விவசாயம் நடக்குதாங்கறது கேள்வி இல்ல, கையெழுத்து போட்ட அன்னிக்கு நடந்துதாங்கறதுதான் கேள்வி. டவுன்ல கால் ஏக்கர் மனைல இருக்கறவனுக்கு இந்த ஏக்கர் கணக்கே கிடையாது, கிராமப்புற கவுண்டிலதான் இது உயிர் போற விஷயம், ஆனா யாரும் பார்க்கறதில்ல. பேங்க் பக்கத்து வக்கீல் ஆபீஸ் எங்கயோ ஒரு நகரத்துல உட்கார்ந்து நூறு ஃபைலை ஒரே மாதிரி டைப் அடிக்கிறாங்க, 6 மாசம்னு போட்டு அனுப்பிடறாங்க, பல சமயம் அதுதான் சரியாவும் இருக்கும், சில சமயம் இருக்காது.

அதனால முதல் வேலை, கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸுக்கு (பத்திரம் பதிவு பண்ற இடம்) போய் ரெண்டு பேப்பருக்கு காப்பி வாங்கச் சொல்லுங்க. ஒண்ணு ஷெரிஃப் சர்டிபிகேட், அதுல சேல் தேதி, ஏலத் தொகை, ரிடெம்ப்ஷன் எத்தனை மாசம், எல்லாம் இருக்கும். இன்னொண்ணு ஒரிஜினல் மார்ட்கேஜ். லோன் வாங்கும்போது இந்த நிலம் விவசாயத்துல இல்லைன்னு அஃபிடவிட் ஏதாவது கையெழுத்து வாங்கியிருக்காங்களான்னு பாருங்க, க்ளோசிங் அன்னிக்கு, அதாவது வீடு கை மாறற கையெழுத்து நாள்ல, நீட்டின 80 பேப்பர்ல அதுவும் ஒண்ணா இருந்திருக்கலாம், யார் படிச்சோம். அப்படி ஒரு அஃபிடவிட் இருந்தா 12 மாசம்னு வாதாடறது ரொம்ப கஷ்டம். இல்லைன்னா ஒரு வக்கீலைப் பார்க்கிறது உபயோகமான செலவு. ஆனா தயவு செஞ்சு 12 மாசம் கிடைச்சிடும்னு நம்பி ஏப்ரல் 16ஐ தாண்ட விடாதீங்க. அந்த தேதிதான் கடைசின்னு நினைச்சு வேலை பாருங்க, கூடுதல் டைம் கிடைச்சா லாபம்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 6 மாச பீரியட்ல, கோர்ட்டுக்கு போகாம பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஏலம் விடற முறைல வீடு போச்சுன்னா, ஏலத்தொகை கடனை விட குறைவா இருந்தாலும் மிச்சத்துக்கு பேங்க் உங்க அண்ணனை துரத்த முடியாது, சட்டமே தடுக்குது. 12 மாசம்னா அந்த பாதுகாப்பு இல்ல, மிச்சத்தை கேட்டு கேஸ் போட வழி இருக்கு. அதனால நமக்கு 12 மாசம்தான் வேணும்னு சண்டை போடறதுக்கு முன்னாடி ஏலத்தொகைக்கும் கடனுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்த்துட்டு சண்டை போடுங்க.

இப்ப காசு விஷயம். ஏலத்துக்கு முன்னாடி வரைக்கும் நிலுவை தவணை, அபராதம், செலவு மட்டும் கட்டி லோனை பழையபடி ஓட விடலாம், ரீஇன்ஸ்டேட்மென்ட்னு சொல்வாங்க. ஏலம் முடிஞ்ச நிமிஷம் அந்த கதவு சாத்திடும். அப்புறம் பாக்கி தவணை எட்டாயிரம், பத்தாயிரம்னு பேச்சே இல்ல, மொத்தமா ஏலத்தொகை, அதுக்கு மார்ட்கேஜ்ல இருக்கிற வட்டி ரேட்டுல சேல் தேதிலேர்ந்து வட்டி, பேங்க் நடுவுல கட்டின ப்ராப்பர்டி டாக்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து கட்டணும். நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க, ரிடெம்ப்ஷன்னா நிலுவையை கட்டறதுன்னு நினைச்சுட்டு அஞ்சு மாசம் ஊரெல்லாம் கைமாத்து வாங்கி பதினஞ்சாயிரம் சேர்த்து வெச்சுட்டு ஷெரிஃப் ஆபீஸுக்கு போய் நிப்பாங்க, பார்க்கவே பாவமா இருக்கும்.

ஆனா கவனிக்க வேண்டிய வார்த்தை ஏலத்தொகை. கடன் தொகை இல்ல. உதாரணத்துக்கு கடன் 2 லட்சத்து 10 ஆயிரம் டாலர்னு வைங்க, பேங்க் ஏலத்துல 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குதான் கேட்டுச்சுன்னா, திருப்பற விலை அந்த 1,80,000த்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். 6 சதவீத வட்டின்னா நாளுக்கு கிட்டத்தட்ட 30 டாலர், ஆறு மாசத்துக்கு 5,400. கிராமத்துல ஷெரிஃப் சேல்னா டிவில பார்க்கிற மாதிரி கூட்டமெல்லாம் கிடையாது, ஷெரிஃப் ஆபீஸ் வராந்தால ஒரு டெபுட்டி பேப்பரை படிப்பார், பேங்க் சார்பா ஒரு விலை எழுதி வந்திருக்கும், அவ்வளவுதான், பல நாள் மூணாவது ஆளே இருக்க மாட்டார். போட்டி இல்லாததால விலை சந்தை விலைக்கு கீழயே நிக்கும். வீட்டுக்காரனுக்கு இது கெட்டதுன்னு தோணும், திருப்பற நேரத்துல இதே அவனுக்கு சாதகம்.

சரி, 1,85,000க்கு எங்க போறது, கையில இருந்தா லோனையே கட்டியிருப்போமேன்னு கேப்பீங்க. நான் இவ்வளவு எழுதறதே இதுக்குதான். இந்த ஆறு மாசத்தை காசு புரட்டற டைமா பார்க்காதீங்க, விக்கற டைமா பாருங்க. வீடு இன்னும் அண்ணன் பேர்ல இருக்குன்னு மேல சொன்னேன்ல, அதனால அவர் அதை விக்கலாம், ஏலம் போன வீடா இருந்தாலும். வாங்கறவர் லோன் போட்டு வாங்குவார், க்ளோசிங் அன்னிக்கு டைட்டில் கம்பெனி அந்த காசுலேர்ந்தே ரிடெம்ப்ஷன் தொகையை கட்டிடும், மிச்சம் உங்க அண்ணன் கைக்கு வரும். இதே உதாரணத்துல வீடு 2,70,000க்கு போனா, ரியல்டர் கமிஷன் மத்த செலவு ஒரு 20 ஆயிரம் கழிச்சாலும் 60 ஆயிரத்துக்கு மேல நிக்குது. விக்காம ஏப்ரல்ல சாவியை குடுத்துட்டு போனா அந்த 60 ஆயிரம் பேங்க்குக்கு. குடும்பத்துக்கு மானம் போச்சேன்னு வீட்டு வாசல்ல போர்டு வைக்க கூச்சப்பட்டு 60 ஆயிரத்தை விட்டவங்களை பார்த்திருக்கேன். ஊர் வார பத்திரிகைல ஆறு வாரம் தொடர்ந்து பேரோட நோட்டீஸ் வந்தாச்சு, அங்க காபி கடைல உட்கார்ற அத்தனை பேரும் படிச்சாச்சு, இனி என்ன கூச்சம்.

இன்னிக்கு ரியல்டரை கூப்பிட்டாலும் டைம் டைட்தான். கிராம வீடுன்னா கிணறு டெஸ்ட், செப்டிக் சோதனைன்னு இழுக்கும், பனி உறைஞ்சு கிடக்கும்போது செப்டிக் பார்க்கிறது இன்னும் தொல்லை, வாங்கறவரோட லோன் வர 45 நாளாவது ஆகும். பிப்ரவரி கடைசிக்குள்ள கையெழுத்தான ஒப்பந்தம் கையில இருக்கணும். விலையை ஒரு பத்தாயிரம் குறைச்சு போட்டாலும் பரவாயில்ல.

கடைசி நாள்னா சட்டப்படி நள்ளிரவு வரைக்கும்னு பேப்பர்ல 11:59 போட்டிருக்கும், ஆனா ஷெரிஃப் ஆபீஸ்ல காசு வாங்கற கவுண்டர் சாயங்காலமே மூடிடும். ஒரு தடவை ஒருத்தர் கடைசி நாள் நாலு மணிக்கு பர்சனல் செக் எடுத்துட்டு போனார், அவங்க வாங்கல, கேஷியர்ஸ் செக் வேணும்னாங்க, பேங்க் பக்கத்து டவுன்ல 25 மைல் தள்ளி, முடிஞ்சு போச்சு. ஒரு நாள் லேட்னாலும் கருணை கிடையாது, ஷெரிஃபுக்கு அந்த அதிகாரமும் கிடையாது. ஒரு வாரம் முன்னாடியே கணக்கு எவ்வளவுன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, கட்டினதும் அவங்க குடுக்கிற ரிடெம்ப்ஷன் சர்டிபிகேட்டை அன்னிக்கே ரெக்கார்டர்கிட்ட பதிவு பண்ணிடுங்க.

அண்ணனுக்கு ரெண்டாவது லோன், ஹெச்இஎல்ஓசி (வீட்டை ஈடா வெச்சு வேணுங்கறப்ப எடுத்துக்கற கடன்) மாதிரி ஏதாவது இருக்கான்னு நீங்க சொல்லல. இருந்தா அதுவும் கணக்குல வரும், வீட்டை திருப்பினா அந்த லோன் அப்படியே வீட்டு மேல உட்கார்ந்திருக்கும், வித்தா அதையும் கட்டித்தான் ஆகணும். அண்ணன் திருப்பலைன்னா அந்த ரெண்டாவது கடன்காரர் திருப்பலாம், முன்கூட்டியே நோட்டீஸ் பதிவு பண்ணியிருந்தா வரிசைப்படி ஒவ்வொருத்தருக்கும் ஏழு ஏழு நாள். கோர்ட் தீர்ப்பு வாங்கி வீட்டு மேல லீன், அதாவது பாக்கிக்கு பாத்தியதை, போட்ட கான்ட்ராக்டர்கூட இந்த வரிசைல நிக்கலாம். கிராமத்துல இதையே தொழிலா வெச்சிருக்கிற ஆளுங்க உண்டு, சின்ன லீனை காசு குடுத்து வாங்கிட்டு இந்த ஏழு நாள்ல பெரிய வீட்டை அமுக்கிடுவாங்க. சட்டப்படி சரிதான். எனக்கு பிடிக்காது, அது வேற விஷயம்.

அபார்ட்மென்ட் விஷயத்துக்கு வர்றேன். போக வேண்டாம், இல்ல எல்லாரும் ஒரேயடியா போக வேண்டாம். 10 ஏக்கருக்குள்ள இருக்கிற, விவசாயம் இல்லாத வீட்டை யாரும் இல்லாம கைவிட்டதா பேங்க் கோர்ட்ல நிரூபிச்சா ஆறு மாசம் அஞ்சு வாரமா சுருங்கிடும். உங்களுது 14 ஏக்கர், அதனால அந்த சுருக்கு கயிறு உங்க கழுத்துக்கு வராது, ஆனா மினசோட்டா ஜனவரில ஆள் இல்லாத வீட்டுல ஃபர்னஸ் நின்னுச்சுன்னா ரெண்டே நாள்ல பைப் வெடிச்சு தரையெல்லாம் ஐஸ். வீடு காலியா கிடந்தா இன்ஷூரன்ஸும் கையை விரிக்கலாம். அப்புறம் யார்கிட்ட 2,70,000 கேப்பீங்க? ப்ரோபேன் டேங்க் ரொப்பி வெச்சு, ஒருத்தராவது அங்க படுங்க.

பேங்க்ரப்ட்சி (திவால் மனு) போட்டா நிக்குமேன்னு யாரோ சொன்னதா எழுதியிருந்தீங்க. ஏலத்துக்கு முன்னாடி போட்டிருந்தா சாப்டர் 13ங்கற திவால் முறைல நிலுவையை மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துல பிரிச்சு கட்டியிருக்கலாம், அது நல்ல வழி. ஏலத்துக்கு அப்புறம் அந்த வழி இல்ல. இந்த மாநிலத்துலயே சிப்பேவா கவுண்டி மாண்டவிடியோ ஊர் பேங்க் சம்பந்தப்பட்ட கேஸ்ல 1983ல எட்டாவது சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பேங்க்ரப்ட்சி போட்டதால ரிடெம்ப்ஷன் கடிகாரம் நிக்காது, அதிகபட்சம் போட்ட நாள்லேர்ந்து 60 நாள் கிடைக்கும்னு. க்ளோசிங் ஏப்ரல் 16க்கு பதிலா மே மாசம் தள்ளிப்போற நிலைமை வந்தா அந்த 60 நாளுக்காக வக்கீல்கிட்ட பேசலாம், ஆனா கிரெடிட் ரிப்போர்ட்ல அந்த கறை நிக்கும்.

ஒரு கிளைக்கதை, வேணாம்னா தாண்டிப் போங்க. இந்த ரிடெம்ப்ஷன் டைமை வெச்சே அமெரிக்காவுல ஒரு பெரிய அரசியல் சட்ட வழக்கு மினசோட்டாலேர்ந்துதான் போச்சு. 1930கள் பொருளாதார வீழ்ச்சில பண்ணை பண்ணையா ஏலம் போக, விவசாயிங்க கொதிச்சுப் போய் ஏலத்தை மறிச்சாங்க, ஃப்ளாய்ட் ஓல்சன் கவர்னரா இருந்தப்ப 1933 ஏப்ரல்ல சட்டசபை ஒரு சட்டம் போட்டுச்சு, கோர்ட் பார்த்து ரிடெம்ப்ஷன் பீரியடை 1935 மே 1 வரைக்கும் நீட்டலாம்னு. மினியாபொலிஸ்ல ஒரு தம்பதி, பிளெய்ஸ்டெல்னு பேர், வீடு 3,700 டாலர் 98 சென்ட்டுக்கு ஏலம் போயிருந்துச்சு, அவங்க நீட்டிப்பு கேட்டாங்க, கடன் குடுத்த கம்பெனி ஒப்பந்தத்தை மீறற சட்டம் இதுன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் இழுத்துச்சு. 1934 ஜனவரி 8ல அஞ்சுக்கு நாலுன்னு வீட்டுக்காரங்க பக்கம் தீர்ப்பு. ஆனா இனாமா இல்ல, நீட்டிச்ச காலத்துக்கு மாசம் 40 டாலர் கட்டணும்னு கீழ் கோர்ட் போட்டிருந்துச்சு. உங்க அண்ணனுக்கு அந்த 40 டாலர்கூட கிடையாது, இந்த ஆறு மாசம் வாடகை மிச்சம், அதை அப்படியே எடுத்து வைக்கச் சொல்லுங்க, வீடு மாறும்போது டெபாசிட்டுக்கு ஆகும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. கிராமப்புறத்துல பேங்க் லோன் இல்லாம கான்ட்ராக்ட் ஃபார் டீட்னு ஒண்ணுல வாங்கியிருப்பீங்க, அதாவது வித்தவருக்கே மாச தவணை கட்டறது, பத்திரம் கடைசிலதான் கைக்கு வரும். அதுல ஏலமும் இல்ல ரிடெம்ப்ஷனும் இல்ல, தவணை விட்டா பொதுவா 60 நாள் நோட்டீஸ், அதுக்குள்ள கட்டலைன்னா கட்டின காசெல்லாம் போச்சு. அதே மாதிரி ப்ராப்பர்டி டாக்ஸ் கட்டாம போறது முழுக்க வேற சட்டம், அதுல கவுண்டி எடுத்துக்கும். ஹென்னபின் கவுண்டில ஜெரால்டின் டைலர்னு ஒரு பாட்டி, 15,000 டாலர் பாக்கிக்கு அவங்க காண்டோவை எடுத்து 40,000க்கு வித்துட்டு மிச்சத்தையும் கவுண்டியே வெச்சுக்கிச்சு, 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒன்பது பேரும் ஒரே குரல்ல இது செல்லாதுன்னாங்க, அப்ப அவங்களுக்கு வயசு 94.

இன்னொண்ணு, அண்ணன் வீட்டுக்கு இப்ப தினம் கடுதாசி வருமே, "உங்கள் வீட்டை காப்பாற்றுகிறோம்"னு. பத்திரத்தை எங்க பேருக்கு எழுதுங்க, வாடகைக்கு இருங்க, அப்புறம் நீங்களே திரும்ப வாங்கிக்கலாம்னு சொல்றவனை வாசப்படி ஏத்தாதீங்க. வேலையை முடிக்கறதுக்கு முன்னாடி காசு வாங்கறதே இந்த மாநிலத்துல குத்தம். ஹட் (மத்திய அரசோட வீட்டு வசதி துறை) அங்கீகரிச்ச கவுன்சிலர்கள் காசு வாங்காமலே பேசுவாங்க, லீகல் எய்டும் (இலவச சட்ட உதவி) இருக்கு, பக்கத்துல வக்கீல் இல்லைன்னாலும் போன்லயே பார்ப்பாங்க.

ஏப்ரல் 16 தாண்டியும் ஒண்ணும் நடக்கலைன்னா, அப்பவும் அடுத்த நாள் காலைல பூட்டை மாத்த முடியாது, பேங்க் கோர்ட்ல எவிக்‌ஷன் கேஸ் (வீட்டை காலி பண்ண வைக்கிற கேஸ்) போட்டு ஆர்டர் வாங்கணும், கடைசில ஷெரிஃப் 24 மணி நேர நோட்டீஸ் ஒட்டுவார். அதுவரை இழுத்தா அந்த கேஸ் ரெக்கார்டுல ஏறி அடுத்த வாடகை வீடு கிடைக்கிறது கஷ்டமாயிடும், அதனால அந்த அளவுக்கு போகாம பார்த்துக்கோங்க.

திங்கக்கிழமை ரெக்கார்டர் ஆபீஸ் திறந்ததும் அந்த ரெண்டு காப்பியையும் வாங்கிட்டு, ஷெரிஃப் சர்டிபிகேட்ல ஏலத்தொகை இருக்கிற வரியையும் எத்தனை மாசம்னு இருக்கிற வரியையும் மட்டும் இங்க டைப் பண்ணிப் போடுங்க, பேர் அட்ரஸ் எதுவும் வேணாம். சோயா போடற விவசாயிகிட்ட பழைய குத்தகை பேப்பர் இருந்தா அதையும் பத்திரமா வாங்கி வைங்க.